ஆபத்தா, ஆதாரம் இல்லையா? சமூக ஊடகமும் இளையோர் மனநலமும்

2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் உட்பட பத்துத் தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பே, 2023 மே மாதம், அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது பொதுச் சுகாதாரம் பற்றி மக்களுக்கு அறிவுரை சொல்லும் தலைமை மருத்துவ அதிகாரியாக, இருந்த விவேக் மூர்த்தி, இளையோருக்குச் சமூக ஊடகம் போதிய அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியவில்லை என எச்சரித்தார். சிகரெட் பெட்டியில் இருப்பது போன்ற எச்சரிக்கை வாசகம் இந்தச் செயலிகளிலும் வேண்டும் என்று அடுத்த ஆண்டு சொன்னார். ஆனால் அதே 2023 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமிகள் அமைத்த நிபுணர் குழு வேறு மாதிரி எழுதியது: இளைய தலைமுறையின் நலத்தில் ஒட்டுமொத்தமாக ஏற்பட்ட மாற்றங்களுக்குச் சமூக ஊடகம்தான் காரணம் என்ற முடிவுக்கு இப்போதுள்ள ஆய்வுகள் இடம் தரவில்லை.

அடுத்தடுத்த நாளில் இரண்டையும் படிக்கும் பெற்றோருக்குத் தலை சுற்றும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று மறுக்கவே இல்லை. ஒருவர் ‘பாதுகாப்பானது என்று நிரூபணமாகவில்லை’ என்கிறார். மற்றவர்கள் ‘ஆபத்தானது என்று நிரூபணமாகவில்லை’ என்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இந்த விவாதத்தில் கண்ணில் படும் முரண்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பதில்கள் மோதிக்கொள்வதுபோலத் தெரிவது, கேட்கப்பட்ட கேள்விகள் வேறு வேறு என்பதால்.

சொற்கள் செய்யும் குழப்பம்

தமிழ்ச் செய்திகளில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு வருவதும் மன அழுத்தம், மாதக்கணக்கில் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடப்பதும் மன அழுத்தம், காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பதும் மன அழுத்தம். மருத்துவத்தில் இவை தனித்தனி. முதலாவது சூழல் தரும் அழுத்தம். சூழல் மாறினால் விலகும். இரண்டாவது மனச்சோர்வு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி நீடிக்கும். பிடித்த காரியங்களிலும் நாட்டம் போய்விடும், தூக்கமும் பசியும் மாறும். அது நோய். மூன்றாவது பதற்றக் கோளாறு.

இது போதாதென்று, பல ஆய்வுகள் இந்த மூன்றில் எதையுமே அளப்பதில்லை. ‘உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி தருகிறது?’ என்று கேட்டு மதிப்பெண் வாங்கிக்கொள்கின்றன. அந்த மதிப்பெண் கொஞ்சம் இறங்குவதும் ஒரு பிள்ளைக்கு மனச்சோர்வு வருவதும் ஒன்றல்ல. தலைப்புச் செய்தியில் மட்டும் இரண்டும் ‘மனநலம் பாதிப்பு’ ஆகிவிடுகிறது.

அப்புறம் ‘அடிமை’ என்ற சொல். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் கோளாறு அதில் உண்டு. சமூக ஊடகத்துக்கென்று அப்படி ஒரு நோய்ப்பெயர் இல்லை. அந்த அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு ‘சிக்கலான பயன்பாடு’ என்ற பெயரில் சில அறிகுறிகளை அளக்கிறது. விட நினைத்தும் விட முடியாமை, கிடைக்காதபோது தவிப்பு, மற்ற வேலைகளைக் கைவிடுதல் போன்றவை அவை. 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுள்ள ஏறத்தாழ 2.8 லட்சம் பேரிடம் நடத்திய அளவீட்டில், 2018-இல் 7 சதவீதமாக இருந்த சிக்கலான பயன்பாடு 2022-இல் 11 சதவீதம் ஆகியிருந்தது. பெண் பிள்ளைகளில் 13, ஆண் பிள்ளைகளில் 9. நாள் முழுக்கக் கையில் போனோடு திரியும் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட, கட்டுப்பாடு கையில் இருக்கிறதா என்பதைத்தான் இது பார்க்கிறது.

‘சமூக ஊடகம்’ என்பதும் ஒற்றைப் பொருள் அல்ல. தோழியோடு மணிக்கணக்கில் மெசேஜ் பரிமாறிக்கொள்வது ஒன்று. முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்க்ரோல் செய்வது இன்னொன்று. ‘ஸ்க்ரீன் டைம்’ என்ற அளவு இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எடை பார்க்கிறது. இந்த ஆய்வுத்துறையின் பெரிய பலவீனம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்லவேண்டும்.

வரைபடம் ஏறியது உண்மை

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு கேள்வி கேட்கிறது: தொடர்ந்து இரண்டு வாரமாவது, வழக்கமான வேலைகளைக்கூட விட்டுவிடும் அளவுக்குச் சோகமாகவோ நம்பிக்கையற்றோ இருந்தாயா? ‘ஆம்’ என்ற மாணவிகள் 2011-இல் 36 சதவீதம், 2021-இல் 57 சதவீதம். மாணவர்களில் அது 21-இலிருந்து 29 ஆனது. பெருந்தொற்றுக் காலம் என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. 2019-இலேயே மாணவிகளின் எண் 47-ஐத் தொட்டுவிட்டது.

இதே ஆண்டுகளில்தான் ஐபோனில் முன்பக்கக் கேமரா வந்தது (2010), இன்ஸ்டாகிராம் பிறந்தது (2010 அக்டோபர்), அதை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியது (2012). ஜீன் ட்வெங்கி, ஜோனதன் ஹெய்ட் போன்ற உளவியலாளர்கள் இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளைப்பருவமே போனுக்குள் இடம்பெயர்ந்ததுதான் காரணம் என்று வாதிடுகிறார்கள். கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் எழும் முக்கியமான ஆட்சேபங்கள்:

1. ஒரே காலத்தில் ஏறிய இரண்டு கோடுகளில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதே பத்தாண்டில் ஏறிய இறங்கிய விஷயங்கள் இன்னும் எத்தனையோ.

2. எண்ணும் முறையே மாறியிருக்கலாம். 2015 அக்டோபரில் அமெரிக்க மருத்துவமனைகள் புதிய நோய்க் குறியீட்டு முறைக்கு மாறின. காயம் தற்செயலா, தானே ஏற்படுத்திக்கொண்டதா என்பது அதன்பின் தெளிவாகப் பதிவானது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கை கூடியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் மேலே சொன்ன மாணவர் கணக்கெடுப்பை மருத்துவமனைக் குறியீடு தொடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

3. ஸ்மார்ட்போன் பணக்கார நாடுகளுக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் போனது. இளையோர் மனநலம் அந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் சரியவில்லை.

வரைபடத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது என்ற அளவில் ஆட்சேபக்காரர்கள் சொல்வது சரி. அதற்காக வரைபடமே பொய் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அது வேறு எல்லை.

எந்த ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

1. ஒரே நேரத்தில் எடுக்கும் கணக்கு. ‘அதிகம் பயன்படுத்தும் பிள்ளைகள் மற்றவர்களைவிட வாடியிருக்கிறார்களா?’ என்பது இங்கே கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டில் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 3.55 லட்சம் இளையோரின் தரவை 2019-இல் அலசினார்கள். பிள்ளைகளுக்குள் மன நலனில் காணும் ஏற்றத்தாழ்வில், டிஜிட்டல் சாதனப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதோடும் ஏறக்குறைய இதே அளவு எதிர்மறைத் தொடர்பு இருந்தது என்று அவர்கள் காட்டியதும், அந்த உருளைக்கிழங்கு உலகம் முழுக்கச் சுற்றிவந்தது.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. அந்த 0.4 என்பது டிவி உட்பட எல்லா டிஜிட்டல் பயன்பாட்டுக்கும், ஆண் பெண் இரு பாலருக்கும் சேர்த்து. சமூக ஊடகத்தை மட்டும், பெண் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் தொடர்பு இதைவிடக் கூடுகிறது என்று ட்வெங்கியும் ஹெய்டும் பதில் எழுதினார்கள். ஒரே தரவு, வேறு கேள்வி, வேறு எண்.

இந்த வகை ஆய்வுக்குத் திசையும் தெரியாது. வாடிய பிள்ளை போனுக்குள் ஒதுங்குகிறதா, போன் பிள்ளையை வாட்டுகிறதா? கனடாவில் இளையோரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாடு பின்னாளைய மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாணவிகளிடம் மனச்சோர்வு அறிகுறிகள்தான் பின்னாளைய பயன்பாட்டைக் காட்டிக்கொடுத்தன.

2. காலப்போக்கில் தொடர்வது. அமெரிக்காவில் 12 முதல் 15 வயதுள்ள 6,595 பேரைத் தொடர்ந்த ஆய்வில், நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர்களுக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. மூர்த்தியின் எச்சரிக்கையில் இடம்பெற்று ஊர் முழுக்கப் பரவிய எண் இது. ‘இருமடங்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘எதிலிருந்து எதற்கு?’ என்று கேட்டுப் பழகுவது நல்லது. நூற்றுக்கு 2 என்பது 4 ஆவதும் இருமடங்கு, 30 என்பது 60 ஆவதும் இருமடங்குதான்.

3. சோதனை. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன், பொருளியலாளர்கள் ஒரு குழுவினரைப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருக்கச் செய்தார்கள். விலகியவர்களுக்கு நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிஞ்சியது. மகிழ்ச்சி கூடியது, சிறிய அளவுதான், ஆனால் உண்மையான மாற்றம். கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. யார் காரணம், யார் விளைவு என்ற சிக்கல் இந்த முறையில் இல்லை. ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் பெரியவர்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

4. தானாக அமைந்த சோதனை. 2004-இல் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக், ஒரே நாளில் எல்லாக் கல்லூரிகளுக்கும் போகவில்லை, ஒவ்வொன்றாகத்தான் போனது. லூகா பிராகியேரியும் இரு சக ஆய்வாளர்களும் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபேஸ்புக் நுழைந்துவிட்ட கல்லூரிகளையும் இன்னும் நுழையாதவற்றையும், அப்போது நடந்த மாணவர் நலக் கணக்கெடுப்புகளை வைத்து ஒப்பிட்டார்கள். 2022-இல் வெளியான முடிவு: நுழைந்த இடங்களில் மனநலம் மோசமானது, மனநிலை காரணமாகப் படிப்பு கெட்டது என்று சொன்னவர்கள் கூடினார்கள். மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுக் குறைவாக உணர்வதுதான் வழி என்று தரவு காட்டியது. நண்பர்களின் பதிவுகளை வரிசையாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் நியூஸ் ஃபீட் 2006 செப்டம்பரில்தான் வந்தது, லைக் பொத்தான் 2009-இல். இன்றைய தளங்களைத் திட்டும்போது நாம் சுட்டிக்காட்டும் இரண்டும் இல்லாத காலத்திலேயே இந்த விளைவு. நான்கில் எடை கூடியது எது என்றால் என் கணிப்பில் இதுதான். இங்கும் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் கல்லூரி வயதினர் என்பதை மறக்கக் கூடாது.

சராசரிக்குள் யார் இருக்கிறார்கள்?

சராசரி சிறியது என்றால் பாதிப்பு சிறியது என்று பொருளா? ஒரு கற்பனைக் கணக்கு. பத்துப் பிள்ளைகள். ஐந்து பேருக்கு மனநிலை ஒரு புள்ளி ஏறுகிறது. நான்கு பேருக்கு மாற்றமே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து புள்ளி சரிகிறது. கூட்டிக் கழித்தால் சராசரி மாற்றம் பூஜ்யம். ‘எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று அறிக்கை எழுதலாம்; எழுதிய வாக்கியத்தில் பிழை இராது. அந்தப் பத்தாவது பிள்ளைதான் அதில் இருக்க மாட்டாள்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு சான்று. இளையோர் 63 பேரிடம் ஒரு வாரம், நாளுக்குப் பல முறை கேட்டுப் பதிந்தார்கள். அடுத்தவர் பதிவுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதம் பேருக்கு மனம் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. 44 சதவீதம் பேருக்கு எதுவும் மாறவில்லை. 10 சதவீதம் பேர் வாடினார்கள். 63 பேர் என்பது சின்னக் குழு. இந்தச் சதவீதங்களை உலகுக்கே பொருத்தக் கூடாது. ஆனால் ஒரே செயல் மூன்று பிள்ளைகளிடம் மூன்று விதமாக வேலை செய்கிறது என்பதைக் காட்ட அது போதும். ‘சும்மா பார்ப்பது கெடுதல், பதிவு போட்டுப் பேசுவது நல்லது’ என்று முன்பு சொல்லப்பட்ட சுலபமான சூத்திரமும் இதில் ஆட்டம் கண்டது.

எதிர்ப்பக்கத்திலும் எண்கள் வளைக்கப்படுவதுண்டு. 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில், இன்ஸ்டாகிராம் மூன்றில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் உடல் பற்றிய எண்ணத்தை மோசமாக்குகிறது என்ற வரி இருந்தது. அதன் பின்னால் இருந்த கணக்கு: தன் உடலைப் பற்றி ஏற்கெனவே மோசமாக உணர்ந்த பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்றார்கள். எல்லாப் பெண்களிலும் மூன்றில் ஒருவர் அல்ல. நிறுவனமும் அதைப் பிடித்துக்கொண்டு, கேட்கப்பட்ட 12 விஷயங்களில் 11-இல் நிலைமை அப்படி இல்லை என்று தற்காத்துக்கொண்டது. சரி, ஒத்துக்கொள்வோம். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒருவரை மேலும் தள்ளிவிடுகிறது என்பது ஆறுதலான எண்ணா?

எந்த வழியாக உள்ளே வருகிறது?

முதல் வழி தூக்கம். இதைப் பற்றிப் பேச்சு குறைவு, ஆதாரம் அதிகம். 13 முதல் 18 வயதில் இரவுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பருவமடையும்போது உடலின் உள் கடிகாரமே தாமதமாகிவிடுகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் பிந்திச் சுரக்கிறது. அதனால் இந்த வயதினருக்கு இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராதது சோம்பலோ திமிரோ இல்லை. காலையில் பள்ளி மணி மட்டும் தன் நேரத்துக்கு அடித்துவிடுகிறது. ஏற்கெனவே குறைந்த இந்தத் தூக்கத்தில்தான் போன் கை வைக்கிறது. நேரத்தை எடுத்துக்கொள்வது ஒரு பக்கம். படுக்கையில் படித்த ஒரு கமென்ட் மனத்தை ஒரு மணி நேரம் விழித்திருக்க வைப்பது இன்னொரு பக்கம். நள்ளிரவு நோட்டிஃபிகேஷன் மூன்றாவது. நீல ஒளி பற்றி நிறையப் பேசிவிட்டோம். அது இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வரும்.

தூக்கக் குறைவு தன்னளவிலேயே மனச்சோர்வின் அபாயத்தைக் கூட்டுவது. இங்கே ஒரு புள்ளியியல் நுணுக்கமும் இருக்கிறது. சில ஆய்வுகள் ‘தூக்கத்தின் பாதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சமூக ஊடகத்தின் பாதிப்பு மிகக் குறைவு’ என்று முடிக்கின்றன. ஊடகம் கெடுதல் செய்யும் வழியே தூக்கம் என்றால், அதைக் கழிப்பது வழியை மூடிவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது, அல்காரிதம். ஃபீடில் அடுத்து என்ன வரவேண்டும் என்பதை முன்பு நண்பர்கள் பதிவிட்ட நேரம் தீர்மானித்தது. இப்போது ‘இவர் எதில் நிற்பார்?’ என்ற கணிப்பு தீர்மானிக்கிறது. லைக் போட வேண்டியதில்லை. விரல் இரண்டு நொடி தயங்கினாலே அது ஒரு தகவல். மனம் சரியில்லாத பிள்ளை சோகமான ஒரு வீடியோவில் நின்றுவிட்டால், அடுத்து இன்னும் சோகமானது வரும். சோகம் என்றால் என்னவென்று இயந்திரத்துக்குத் தெரியாது. நின்றது மட்டும் தெரியும். அப்படியே உணவைக் குறைப்பதில் தொடங்கித் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பதிவுகள் வரை ஒரு சரிவு அமைந்துவிடும். 2017-இல் உயிரிழந்த 14 வயதுச் சிறுமி ஒருவரின் மரணத்தை விசாரித்த லண்டன் மரண விசாரணை அதிகாரி, இணையத்தில் அவர் பார்த்த உள்ளடக்கம் புறக்கணிக்க முடியாத அளவுக்கு அதற்குப் பங்களித்தது என்று 2022 செப்டம்பரில் பதிவு செய்தார். சராசரிகளைப் பற்றிய எந்த ஆய்வும் இந்த ஒரு முடிவை ஆதரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அது வேறு வகை ஆதாரம்.

நிறுத்துமிடம் இல்லாத வடிவமும் இதோடு சேர்ந்தது. பக்கம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அடுத்து நல்லது வருமா வராதா என்று தெரியாதபோதுதான் தேடல் நிற்காது என்பதைப் புறாக்களை வைத்து நடத்தை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எப்போதோ காட்டிவிட்டார்.

மூன்றாவது ஒப்பீடு. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார் என்ற கோட்பாட்டை லியோன் ஃபெஸ்டிங்கர் முன்வைத்தது 1954-இல். அப்போது ஒப்பிட வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களின் தூங்கிவழிந்த முகமும் தெரியும். இப்போது எண்ணற்றவர்கள், அதுவும் ஃபில்டர் போட்ட முகங்களோடு.

நான்காவது கேலியும் மிரட்டலும். பள்ளிக்கூடக் கொடுமை பழையது. வீட்டுக்கு வந்தபிறகும் அது தொடர்வதுதான் புதியது. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

நன்மை என்ற வழியும் இதே கதவில்தான் இருக்கிறது. அரிய நோய் உள்ள பிள்ளைக்கும், தன் பாலினத்தையோ ஈர்ப்பையோ வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்கும், ‘என்னைப்போல இன்னொருவர் இருக்கிறார்’ என்ற செய்தி வரும் ஒரே இடம் பல நேரம் இதுவாக இருக்கிறது.

எந்த வயதில்?

ஆர்பனும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு, வயதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. அதிகப் பயன்பாடு அடுத்த ஆண்டின் வாழ்க்கைத் திருப்தியைக் குறைத்துக் காட்டிய வயதுகள்: பெண்களுக்கு 11 முதல் 13, ஆண்களுக்கு 14, 15, பிறகு இரு பாலருக்கும் 19. முதல் இரண்டும் பருவமடையும் காலத்தோடு ஒத்துப்போகின்றன. 19 என்பது வீட்டைவிட்டு வெளியேறுவது, புதுச் சூழல் போன்றவற்றோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 0.4 என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. நிலைப்பாடு மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, கேள்வி கூர்மையானது.

இப்போது சட்டங்கள் பேசும் வயதுகளை இதோடு வைத்துப் பாருங்கள். தளங்கள் பல்லாண்டாகச் சொல்லிவரும் ‘13 வயது’ எந்த உளவியலாளரும் கணக்கிட்டுச் சொன்னதல்ல. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்ற 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது அது. தரவுப் பாதுகாப்புக்கான எல்லை, காலப்போக்கில் மனநலத்துக்கான எல்லை போலத் தோற்றம் கொண்டுவிட்டது.

ஒருவர் விலகுவதும் எல்லோரும் விலகுவதும்

‘கெடுதல் என்று தெரிந்தால் பிள்ளையே விட்டுவிடலாமே?’ என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டினும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள்: மற்றவர்கள் எல்லோரும் தொடர, நீ மட்டும் நான்கு வாரம் விலக எவ்வளவு வேண்டும்? டிக்டாக்குக்குச் சராசரி 59 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர். சரி, உன் வட்டத்தில் எல்லோரும் சேர்ந்து விலகுவதானால்? அப்போது விடை தலைகீழானது. அப்படி நடக்கத் தாங்களே பணம் தரச் சம்மதித்தார்கள். டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

எல்லோரும் இருப்பதால் நானும் இருக்கிறேன். ஒருவரும் இல்லாவிட்டால் எனக்கும் நிம்மதி. தனி ஒருவரை விலக்கிப் பார்க்கும் சோதனைகளில் பலன் சிறிதாகத் தெரிவதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. விலகியவருக்கு ஃபீட் போகிறது, கூடவே நண்பர்கள் பேசும் இடமும் போகிறது. லாபத்தில் பாதியை நஷ்டம் சாப்பிட்டுவிடுகிறது.

16 என்ற கோடு எதைத் தொடும்?

ஆஸ்திரேலியச் சட்டத்தின் தர்க்கம் இங்கிருந்துதான் புரிகிறது: எல்லோரையும் ஒன்றாக வெளியே எடு. விதியை மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், அதுவும் நிறுவனத்துக்கு மட்டும். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. மேலே பார்த்த வழிகளோடு ஒப்பிட்டால்:

1. வகுப்பே வெளியே இருந்தால் ‘நான் மட்டும்’ என்ற சிக்கல் தளரும். உண்மையில் வெளியே இருந்தால்தான். பாதிப் பேர் வயதை மாற்றிச் சொல்லி உள்ளே இருந்தால், விதியை மதித்த பிள்ளைக்குத்தான் தனிமை.

2. கணக்கு இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் பழக்கத்தை வைத்து அல்காரிதம் செதுக்குவது குறையும். ஆனால் உள்நுழையாமலே யூடியூப் வீடியோ பார்க்கச் சட்டம் தடை செய்யவில்லை. கணக்கோடு சேர்ந்திருந்த வயதுக்கேற்ற வடிகட்டிகளும் அப்போது கூட இல்லாமல் போகும்.

3. மெசேஜ் செயலிகளும் விளையாட்டுகளும் தடையில் இல்லை. வகுப்புக் குழுவில் நடக்கும் கேலி அங்கேயே நடக்கும்.

4. தூக்கம்? படுக்கையறையில் போன் இருக்கும்வரை செயலி எது என்பது இரண்டாம் பட்சம். இதற்குச் சட்டம் தேவையே இல்லை. இரவில் போனை வேறு அறையில் சார்ஜ் போட்டால் போதும், பெரியவர்களும் சேர்ந்து போட்டால்.

5. 16-ஆவது பிறந்தநாளில் அதே ஃபீட், அதே அல்காரிதம் காத்திருக்கும். 19 வயதில் தெரிந்த சரிவை இந்தக் கோடு தொடவே தொடாது.

வயதுக் கோட்டைவிட வடிவத்தின் மீது கை வைப்பது நேரடி வழி என்று எனக்குத் தோன்றுகிறது: முடிவில்லா ஸ்க்ரோல், தானே ஓடும் வீடியோ, தயக்கத்தைக்கூட அளக்கும் பரிந்துரை. ஆனால் அவற்றில் எது யாருக்கு எவ்வளவு கெடுதல் என்று அளக்கத் தேவையான தரவு நிறுவனங்களின் சர்வரில் இருக்கிறது. வெளியே உள்ள ஆய்வாளர்கள் ‘நேற்று எத்தனை மணி நேரம் பார்த்தாய்?’ என்று பிள்ளையின் ஞாபகத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்கு மிகப் பெரிய தளங்கள் உள் தரவைத் திறந்துகாட்ட வேண்டும் என்கிறது. 2021-இல் அப்படி ஒரு சன்னல் திறந்தது, ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகுமுன் ஆவணங்களை நகலெடுத்ததால் மட்டுமே.